முகாம் போடும் முன்

கண்ணு,

நீயும் உன்னோடு படித்த டாக்டர் பிள்ளைகளும் ஏற்காட்டில் மருத்துவ முகாம் போடப் போவதாக அப்பா சொன்னார். சந்தோஷம். பேனர் அடிப்பதற்கு முன்னால் நான் சொல்வதையும் கேட்டுக்கொள். கிராம சுகாதார செவிலியராக இந்த மலை முழுக்க நடந்தவள் இல்லையா நான்?

டிசம்பர் வேண்டாம். அது காபிப் பழம் பறிக்கிற நேரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பிரஷர் பார்க்க யார் வருவார்கள்? மே மாதமென்றால் சேர்வராயன் கோவில் திருவிழா, யாரையும் பிடிக்க முடியாது. பறிப்பு முடிந்து மார்ச் போல வாருங்கள். ஏரிக்கரைப் பக்கம் மண்டபமும் பிடிக்காதீர்கள். டவுனில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே உங்களுக்கு என்ன வேலை? நாகலூர், மாரமங்கலம் தாண்டி உள்ளே போங்கள்.

முகாமில் ஒருவருக்கு பிரஷர் 160 என்று கண்டுபிடித்து, பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு மலையிறங்கி விடுவீர்கள். பதினோராம் நாள் அவர் என்ன செய்வார்? 2021-லிருந்து அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுபோகிற பெண்ணை உங்கள் மேசையிலேயே உட்கார வையுங்கள். நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு பெயரும் அவள் நோட்டில் ஏற வேண்டும். அது நடக்காது என்றால் முகாமே வேண்டாம் என்பேன்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பீர்கள். காபி, டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அதற்காக நம் ஜனங்களிடம் போய் காபியை விடு என்று சொல்லாதே, சிரிப்பார்கள். காலையில் வரக்காபி இல்லாமல் எஸ்டேட்டுக்கு யார் கிளம்புகிறார்கள்? மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல். மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் சொல்லிவிடு. சொல்லவில்லை என்றால் பயந்துபோய் மாத்திரையெல்லாம் அடுப்புக்குப் போய்விடும்.

பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி இருக்கிறதே, அங்கே 1993-ல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் குடிசையில்தான் வைத்தியம் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே சுகாதார வேலைக்குப் பழக்கினார்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். அந்தப் பெண்களுக்கு அதுதானே ஊர்? நம் தெருவிலும் நர்சிங் முடித்த இரண்டு பெண்கள் சேலத்தில் வேலை தேடி அலைகிறார்கள். முதல் ஆளாக அவர்களைச் சேர்த்துக்கொள். போகவர பஸ் காசு மட்டும் கொடுத்து ஏமாற்றாதே, ஒழுங்காகச் சம்பளம் கொடு.

அப்புறம், மலையேறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிற பிள்ளைகளை பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரச் சொல். சாப்பாடு என் பொறுப்பு. எத்தனை பேர் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

உன் அம்மா