மூன்றாம் ஆண்டில் வருபவர்களுக்கும் துணை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் செலவைக் குறைக்க, முதல் 2 ஆண்டுகளை சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு, பல்கலைக்கழக வணிகவியல் பள்ளிக்கு மாறும் பிள்ளைகள் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஒரு பருவத்தில் வகுப்புகள் 10 வாரம்தான். சமுதாயக் கல்லூரியில் 16 வார வேகத்துக்குப் பழகியவர்கள் நிமிர்வதற்குள் இடைத்தேர்வு வந்துவிடும். அதைவிடக் கஷ்டம், அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்குப் பல நிறுவனங்கள் இலையுதிர் காலத்திலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவது. வந்து இறங்கிய பிள்ளைக்கு ரெஸ்யூமேயைக் காட்டிக் கேட்க ஒரு நண்பர்கூட இருக்கமாட்டார்.

ஆலோசகர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் எந்த இரண்டு பாடங்களை ஒரே பருவத்தில் எடுக்கக்கூடாது என்பதை, போன வருடம் அதே வழியில் வந்த மாணவர்தான் பட்டுத் தெரிந்து சொல்வார். சேர்க்கை உறுதியானதுமே அப்படி ஒரு சீனியரை ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகங்கள் சேர்த்துவிட வேண்டும். அந்தச் சீனியருக்கு ஊதியமும் தரவேண்டும்; அவர்களிலும் பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்.

– வாசகி, சான் ஹோசே