எங்க பாஸ்போர்ட்ட எங்க கையில குடுங்க: ஸ்கூல் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு சரியில்லாத நாடுகள்ல இன்டர்நேஷனல் ஸ்கூல் நடத்துறவங்களுக்கும், எங்கள மாதிரி டீச்சர்கள அங்க அனுப்பி வைக்கிற ஏஜென்சிக்காரங்களுக்கும் வணக்கம்.

நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே டீச்சர்ஸ். நான் மேத்ஸ், அவர் ஃபிசிக்ஸ். அஞ்சு வருஷம் ஒரே ஸ்கூல்ல வேலை பாத்தோம், போறப்ப பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவ அங்கதான் பொறந்தா. எந்த நாடு எந்த ஸ்கூல்னு சொல்லப் போறதில்ல, கூட வேலை பாத்தவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க, என்னால அவங்களுக்கு ஒரு சங்கடம் வந்துடக் கூடாது.

வீடியோ கால் இன்டர்வியூல நாங்க திருப்பித் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பசங்களோட வரலாமா, சேஃப்பா இருக்குமான்னு. "காம்பவுண்டுக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்ல மேடம், இருபத்தி நாலு மணி நேரமும் செக்யூரிட்டி இருக்கு"ன்னாங்க. அது பொய்யும் இல்ல, காம்பவுண்டுக்குள்ள கடைசி வரைக்கும் ஒண்ணும் நடக்கல. ஆனா ஒரு புள்ளய எத்தன வருஷம் காம்பவுண்டுக்குள்ளயே வச்சு வளக்க முடியும் சொல்லுங்க? சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டான், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் சுவர் வரைக்கும் போவான் திரும்புவான், அவ்ளோதான் அவன் ரோடு.

ஆறு வயசுலயே அவனுக்கு சத்தம் பிரிச்சுப் பாக்கத் தெரியும். ராத்திரி நான் பதறி எந்திரிச்சா, "அது கல்யாணத்துக்கு மேல பாத்து சுடுறாங்கம்மா, தூங்குங்க"ன்னு எனக்கு சமாதானம் சொல்லுவான். நெசமாவே அப்படித்தான் இருக்கும். ஒரு அம்மாவுக்கு அதைக் கேக்கறப்ப எப்படி இருக்கும்னு உங்க செக்யூரிட்டி பிரீஃபிங்ல எங்கயும் எழுதல. வெளிப்பக்கத்துக்கும் நமக்கும் நடுவுல ரெண்டு சுவராவது இருக்கணும், ஜன்னல் இல்லாத எடத்துல படுக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க, அதனால நெலம சரியில்லாத ராத்திரி எல்லாம் நடைபாதையில பாய் விரிச்சு நாலு பேரும் படுப்போம். சின்னவளுக்கு அது விளையாட்டு, இன்னைக்கும் பாய்லதான் படுப்பேன்னு அடம் பிடிப்பா.

கதவுகிட்ட ஒரு பை ரெடியா வச்சிருக்கணும்னும் சொன்னீங்க. வச்சோம். தண்ணி, மாத்திரை, கொஞ்சம் டாலர், டார்ச், சர்டிபிகேட் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ், சின்னவளுக்கு ஒரு பொம்மை. சைடு ஜிப்ல பாஸ்போர்ட் வைக்கணும். அந்த ஜிப் மட்டும் காலியா கெடந்துச்சு, ஏன்னா நாலு பாஸ்போர்ட்டும் உங்க ஆபீஸ் லாக்கர்ல இருந்துச்சு. வேலை பர்மிட் ரினியூவல்னு வாங்குனது, அப்புறம் "எங்ககிட்ட இருந்தா தொலையாது மேடம்"னு பதில் வந்துச்சு, நாங்களும் சண்டை போடாம விட்டுட்டோம், அது எங்க தப்பு. வேலை செய்றவங்களோட அடையாள ஆவணத்த பிடிச்சு வச்சுக்கறது கட்டாய உழைப்போட அறிகுறிகள்ல ஒண்ணுன்னு ஐஎல்ஓ-வே (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) பட்டியல்ல வச்சிருக்கு. எங்க பாஸ்போர்ட் எங்களோட சொத்து கூட கெடையாது, 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசாங்கத்தோட சொத்து. அப்புறம் அத பூட்டி வைக்க நீங்க யாரு?

சூடான்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும். 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலைல தலைநகர் கார்ட்டூம்ல சண்டை ஆரம்பிச்சுது, அங்க அது வார லீவு நாள். அன்னைக்கே ஏர்போர்ட்டும் மூடியாச்சு. அதுக்கப்புறம் வெளிய வரணும்னா 800 கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போர்ட் சூடான் துறைமுகம் வரைக்கும் போய், அங்கேர்ந்து சவுதியில இருக்கற ஜெட்டாவுக்குப் போகணும்னு ஆயிடுச்சு. லீவு நாள்ல பாஸ்போர்ட் ஆபீஸ் லாக்கர்ல இருந்தா என்ன பண்றது, சாவி வச்சிருக்கிறவர் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தா என்ன பண்றது? லிபியாவுல 2015 ஜூலைல சிர்ட்ங்கற ஊர் பக்கம் நாலு இந்திய ஆசிரியர்களக் கடத்துனாங்க, அவங்க அப்ப இந்தியாவுக்குக் கெளம்பி வந்துட்டு இருந்தவங்க. ரெண்டு பேர் சில நாள்ல வந்துட்டாங்க, மத்த ரெண்டு பேர் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கெளம்பற நாள் தள்ளிப்போகப் போக ஆபத்து கூடுது, அதனாலதான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

அப்புறம் இன்சூரன்ஸ். ஆஃபர் லெட்டர்ல "எவாகுவேஷன் கவர் உண்டு"ன்னு, அதாவது ஆபத்துன்னா வெளிய கொண்டு வர்ற செலவு இன்சூரன்ஸ்ல சேரும்னு போட்டிருந்துச்சு, சந்தோஷமா கையெழுத்து போட்டோம். பாலிசிய முழுசா படிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது அது மெடிக்கல் எவாகுவேஷன் மட்டும், உடம்பு முடியலன்னா வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போறது. சண்டை, கலவரம்னா வெளிய கொண்டு வர்றது வேற கவர், அத தனியா வாங்கணும். யுத்தத்தால வர்ற எதுவும் சேராதுன்னு ஒரு விலக்கு வேற. பசங்க பேரு அதுலயும் இல்ல. இதெல்லாம் படிக்காம சைன் பண்ணுனீங்களான்னு கேப்பீங்க, பாலிசி காப்பியே ஜாயின் பண்ணி ஏழு மாசம் கழிச்சுத்தான் கைக்கு வந்துச்சு.

தெரிஞ்சுதானே போனீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஆமா, தெரிஞ்சுதான் போனோம். கடன் இருந்துச்சு, சம்பளம் நல்லா இருந்துச்சு, போன அப்புறம் எங்ககிட்ட படிச்ச பசங்கள விட்டுட்டு வர மனசும் வரல. கரண்ட் போனா மொபைல் டார்ச் அடிச்சுக்கிட்டு கணக்கு போட்ட பசங்க அவங்க. எனக்கு அந்த வேலை மேல ஒரு குறையும் இல்ல.

கேக்கறது கொஞ்சம்தான். பர்மிட் வேலை முடிஞ்ச அன்னைக்கே பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுங்க. கான்ட்ராக்ட் அனுப்பறப்பவே பாலிசியையும் அனுப்புங்க, அதுல வீட்ல இருக்கற ஒவ்வொருத்தர் பேரும் இருக்கட்டும். யாரு எப்ப "கெளம்புங்க"ன்னு சொல்லுவாங்கன்னு எழுதிக் குடுங்க, பயந்து முன்னாடியே கெளம்பறவங்கள ஒப்பந்தத்த மீறுனவங்கன்னு சம்பளத்த புடிக்காதீங்க. இன்டர்வியூல எங்க கேள்விக்கு, ஏற்கனவே அங்க புள்ளங்களோட இருக்கற ஒரு டீச்சர்கிட்ட தனியா பேச விடுங்க, அது போதும், நாங்களே முடிவு பண்ணிக்கறோம்.

நாங்க கெளம்பின அன்னைக்கு ஆபீஸ் பூட்டித்தான் இருந்துச்சு. எங்களோட வேலை பாத்த உள்ளூர் சார் ஒருத்தர், அவருக்கும் மூணு பசங்க, ரெண்டு செக்போஸ்ட் தாண்டி நடந்தே போய் சாவிய வாங்கிட்டு வந்து லாக்கர தெறந்து நாலு பாஸ்போர்ட்டையும் துணியில சுத்தி கொண்டு வந்து குடுத்தாரு. பேசக்கூட நேரமில்ல, என் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு போயிட்டாரு. எந்த எவாகுவேஷன் லிஸ்ட்லயும் அவர் பேரு கெடையாது. ஸ்கூல் மூடின அப்புறம் உள்ளூர் டீச்சர்களுக்கு மூணு மாச சம்பளம் பாக்கி இருக்கு, எங்களுக்கு மட்டும் செட்டில் பண்ணிட்டீங்க. எங்க ஸ்கூல நடத்துனவங்க இத படிச்சா, அத மொதல்ல குடுங்க.

இப்படிக்கு,
ஒரு மேத்ஸ் டீச்சர்