கடவுள் குடித்த காப்பி

மேற்கு மாம்பலம், சென்னை
28.12.2024, சனி ராத்திரி

அன்புள்ள ஜானகி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் பண்ணினபோதெல்லாம் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. சித்ரா சொல்லியிருப்பாள், அவளால் ஒரு விஷயத்தை வைத்துக்கொள்ள முடியாதே. ஆமாம், இவருக்கு ஜூன் மாதத்திலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மற்றபடி சின்னவன் பெங்களூரில் நன்றாக இருக்கிறான், பெரியவளுக்குப் பிரமோஷன் வந்திருக்கிறது, மாடி வீட்டு மாமி இன்னமும் "அந்தத் திருநெல்வேலிக்காரி எப்படி இருக்கா?" என்றுதான் உன்னை விசாரிக்கிறாள். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவுகிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நமக்குள் 42 வருஷமாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறதே, அதில் நான் ஜெயித்துவிட்டேன்.

மூர் மார்க்கெட்டில் அட்டை போன கதைத் தொகுப்பை இரண்டு ரூபாய்க்கு வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? 1982. மூர் மார்க்கெட் எரிவதற்கு மூன்று வருஷம் முன்னால். ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீ வாசிக்க, நான் சிரித்த சிரிப்பில் வார்டன் டார்ச்சோடு வந்து நிற்க, நீ "மேடம், செய்யுள் மனப்பாடம்" என்றாயே! அன்றைக்கு ராத்திரிதான் தீர்ப்பு சொன்னாய். சிரிக்க வைக்கிற கதை ரயிலுக்கு, நாவல்தான் வீட்டுக்கு என்று. கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை பூசுகிற மாதிரி, விஷயத்தை விழுங்க வைப்பதற்குத்தான் சிரிப்பு என்றும் சொன்னாய். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று உனக்கு முதலில் சொல்ல வேண்டும். கிட்னி செய்ய வேண்டிய வேலையை மெஷின் செய்கிறது, அதற்காக இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. போகும்போது எடை, வரும்போது எடை. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்பதால் ஒரு நாளைக்கு மொத்தமே 1 லிட்டர்தான். அதில் ரசம், மோர், மாத்திரை போடுகிற தண்ணீர் எல்லாம் அடக்கம். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காப்பி காலையில் அரை டம்ளர். நம்ம வீட்டில் எத்தனை காப்பி ஓடும் என்று உனக்குத் தெரியும். இப்போது அந்த அரை டம்ளரை டவராவில் ஊற்றி, ஆற்றி, மறுபடி டம்ளரில் ஊற்றி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆவி அடங்கும் வரைக்கும் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் முதல் வாய். நான் அந்த நேரத்தில் அடுக்களையை விட்டு வெளியே வருவதே இல்லை.

முதலில் அவருக்குப் புத்தகம்தான் கொடுத்தேன். ஒரு கை ஊசியில் கட்டுண்டு கிடக்கிறது, மறு கையால் எந்தப் புத்தகத்தைப் பிடிப்பது? இப்போதெல்லாம் முழுத் தொகுப்பு என்று செங்கல் கனத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒல்லியான தொகுப்பாகப் பார்த்து வாங்கினால், பைண்டிங்கைப் பசை போட்டு இறுக்கி ஒட்டியிருக்கிறார்கள், விரல் எடுத்தால் பட்டென்று மூடிக்கொள்கிறது. எழுத்தோ எறும்பு சைஸ். ஒற்றைக் கையால் படிக்கிறவர்களை யாராவது நினைத்துப் பார்த்தால் தேவலை. கூட ஒருவர் கடைசி ஒன்றரை மணி நேரம் உள்ளே உட்காரலாம் என்பதால், நானே படித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை. படித்தது உங்க ஊர்க்காரர் கதை. (உங்க ஊர் என்று நீதான் கொண்டாடுகிறாய், புதுமைப்பித்தன் பிறந்தது என்னவோ திருப்பாதிரிப்புலியூர்.) "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்". 1943-ல் கலைமகளில் வந்தது, பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முக்கில் ஆரம்பிக்கிறது. டிராம் ஓடின பட்டணம். நாம் பிறப்பதற்கு முன்னாலேயே, 1953-ல், டிராமை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மனுஷ உருவில் பட்டணத்துக்கு வந்து வழி கேட்கிற கடவுளுக்குக் கந்தசாமிப் பிள்ளை சொல்கிற பதிலை இன்றைக்கும் அதே முக்கில் நின்று கேட்கலாம்.

கடவுள் காப்பி குடிக்கிற இடம் வந்தது. தெம்பாக இருக்கிறதே என்று கடவுள் அதைத் தன் லீலையில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். பிள்ளை விடவில்லை. இது ஹோட்டல்காரன் லீலை, சிக்கரி போட்டிருக்கிறான் என்கிறார். இவர் சிரித்தார் பார், ஜானகி! ஆறு மாதமாகக் கேட்காத சிரிப்பு. கை அசைந்துவிட்டது, மெஷின் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்து "சார், கையை ஆட்டாதீங்க" என்று சரி பண்ணிவிட்டு, என்ன சிரிப்பு என்று கேட்டார். மறுபடி அந்த இடத்தை வாசித்தேன். இந்தத் தடவை பக்கத்துக் கட்டில்களும் சேர்ந்துகொண்டன. அத்தனை பேரும் காப்பிக்கு அளவு போடப்பட்டவர்கள். சிஸ்டர் அந்தப் பகுதி முடிகிற வரைக்கும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஜீவிய சந்தா, அதாவது ஆயுள் சந்தா. சாட்சாத் கடவுளே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை அவரைத் தன் சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். அங்கேயும் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது, ஜன்னலோரக் கட்டில் பெரியவர் சொன்னார்: "நானா இருந்தா ஒரு சொம்பு தண்ணி கேப்பேம்மா. குளுகுளுன்னு. ஒரே மூச்சுல."

அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. பிள்ளை மோட்சம் கேட்கவில்லை என்றுதானே சிரித்தோம்? நாங்கள் மட்டும் மோட்சத்தையா கேட்டிருப்போம்? அவருக்குத் தண்ணீர், எனக்கு இவருடைய ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு குறைவது, சிஸ்டருக்குச் சொந்த ஊருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். ஆமாம், நானும் இந்தப் பிள்ளைதான் என்று உள்ளே யாரோ தலையாட்டின பிறகுதான் வாய் சிரிக்கிறது. புத்தி குறுக்கே வந்து "நான் அப்படியில்லை" என்று சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இதை எப்படிடி சர்க்கரைப் பூச்சு என்கிறாய்? பூச்சு என்றால் சுரண்டி எடுக்க வர வேண்டும். இந்தக் கதையிலிருந்து சிரிப்பைச் சுரண்டினால் அடியில் ஒன்றும் மிஞ்சாது. உன் நாவல்களில் பாதி எனக்கு நியாயம் எடுத்துச் சொல்கின்றன. நான் கேட்டுக்கொண்டு, சரிதான் என்று சொல்லிவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். சிரித்துவிட்டால் அப்படி நழுவ முடிவதில்லை.

கதை எப்படி முடிகிறது என்று உனக்குத் தெரியும். எட்ட நின்று மனுஷர்களுக்கு வரம் கொடுத்துவிடலாம், கூட இருந்து வாழ்வதுதான் தன்னால் ஆகாது என்று கடவுள் போய்விடுகிறார். பிள்ளை பேரேட்டில் சந்தா வரவு எழுதுகிறார். தாத்தா ஊருக்குப் போயாச்சா என்று குழந்தை கேட்கிறது. அங்கேயும் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் தணிந்த சிரிப்பு. நேரமாகிவிட்டது, எடை பார்த்தோம், ஆட்டோ பிடித்தோம், வீட்டுக்கு வந்தோம்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். "கஸ்தூரி, கடவுளாலேயே கூட இருக்க முடியலையாமே. நீ எப்படி இருக்கே?" என்றார்.

ஆறு மாதமாக எங்களுக்குள் என்ன பேச்சு தெரியுமா? இன்றைக்கு எடை எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, ஆட்டோக்காரன் எவ்வளவு கேட்டான். இந்தக் கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்க விடவில்லை. அன்றைக்கு அணைக்கப் போன விளக்கை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். ராத்திரியில் அவர் மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பதைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம், நான் வரும்போது வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக மூச்சு விடுவாராம். இரண்டு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். என்னென்ன என்று எழுத மாட்டேன். நீ நேரில் வந்தால் சொல்கிறேன்.

தொகுப்பு என்பதிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு கதைதான் என்று இப்போது கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். ஒன்று முடிந்த சூட்டோடு அடுத்ததை எடுத்தால் முந்தினது அமுங்கிப் போகிறது. போனில் தினமும் நாற்பது ஜோக் வருகிறதே, சிரித்த நிமிஷமே தீர்ந்துவிடுகிறது. வியாழக்கிழமை கதை சனிக்கிழமை வரைக்கும் தாங்குகிறது. போன தடவை நந்தனம் புத்தகக் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் இந்த மாதிரித் தொகுப்புகளைக் கடி ஜோக் புத்தகங்களோடு ஒரே அடுக்கில் குவித்திருந்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ கூட இருந்திருந்தால், அந்த அடுக்கில் கிடப்பதுதான் நியாயம் என்றிருப்பாய். இனிமேல் சொல்ல மாட்டாய்.

இன்றைக்கு அசோகமித்திரனின் "புலிக் கலைஞன்" படித்தேன். சினிமா ஸ்டூடியோவில் வேலை கேட்டு வருகிற ஆள், அவன் பேரைச் சொல்கிற விதம், ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். புலி முகத்தை மாட்டிக்கொண்டு அவன் மேஜை மேல் பாய்கிறபோது வார்டு கப்சிப். கடைசியில் அவன் அழுகிற இடத்தில் என் குரலே சரியாக வரவில்லை. சின்ன வயதில் மொஹரத்துக்குப் புலி வேஷம் கட்டி ஆடுகிறவர்கள் பின்னாலேயே தெருத்தெருவாக ஓடியதை ஜன்னலோரப் பெரியவர் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வேஷம் கலைத்த பிறகு அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்றார்.

கிளம்பும்போது என்னிடம், "செவ்வாக்கிழம சிரிக்கிற கதையாப் பாத்துக் கொண்டாம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சுந்தர ராமசாமியின் "பிரசாதம்" எடுக்கலாம் என்று நினைக்கிறேன். குழந்தை பிறந்தநாளுக்கு ஐந்து ரூபாய் தேவைப்படுகிற போலீஸ்காரர், தபால் பெட்டிப் பக்கம் வந்த அர்ச்சகரைப் பிடித்துக்கொள்வாரே, அது. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி வேறு இருந்தால் திங்கட்கிழமை ராத்திரிக்குள் போனில் சொல்லு. இந்தத் தடவை எடுக்கிறேன்.

அந்த அட்டை போன புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது, இல்லை என்று சாதிக்காதே. தபாலில் அனுப்பிவிடு. இல்லாவிட்டால் பொங்கலுக்கு நீயே கொண்டு வா. வரும்போது அல்வா வேண்டாம், அவர் பார்த்துக்கொண்டு இருப்பார். புத்தகம் ஒன்று போதும்.

உன்
கஸ்தூரி