ஒளிந்திருக்கும் ஆறு கட்டைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே எல்லோரும் நலம்தானே? சின்னவனின் கணக்கு நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியில் உன் குக்கர் கூப்பிட்டுவிடும்.

படிக்கட்டு மாதிரி அடுக்கிய கனசதுரங்கள். மூன்று படி, அகலம் மூன்று கட்டை. மொத்தம் எத்தனை கட்டை என்பதுதான் கேள்வி. அவன் 12 என்று எழுதியிருக்கிறான், விடை 18. "கவனமே இல்லை" என்று நீ குறைப்பட்டிருந்தாய். கவனமாகத்தான் எண்ணியிருக்கிறான். அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியும் கட்டைகள் சரியாக 12. மீதி ஆறும் மேல் படிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. கையால் அடுக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான், கீழே ஒன்று இல்லாமல் மேலே ஒன்று நிற்காது என்பது உறைக்கும். அவனுக்கு முதலில் ஒரு டப்பா மரக்கட்டை வாங்கிக் கொடு.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கு என்று இப்போதே சொல்லிவிடாதே. இந்தப் படிக்கட்டுக்கு அது நேராகப் பொருந்தவும் செய்யாது. பக்கவாட்டில் ஒரு துண்டை மட்டும் பார்க்கச் சொல்: 1, 2, 3, ஆக ஆறு. அதே மாதிரி மூன்று துண்டு, 18. கன அளவு என்பது இவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. வகுப்பில் 3×3×3 கனசதுரத்தை மட்டும் நான் சோதனைக்குக் கொடுக்கவே மாட்டேன். சில பிள்ளைகள் கட்டையை விட்டுவிட்டு, படத்தில் தெரியும் சதுரங்களை எண்ணுவார்கள். ஒரு பக்கத்தில் ஒன்பது, தெரிவது மூன்று பக்கம், மொத்தம் 27. கட்டைகளும் 27! தப்பான வழியில் போனவனுக்கு முழு மதிப்பெண் விழுந்துவிடும். 2×2×2 கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சதுரம் 12, கட்டை 8. நம் சின்னவன் அந்த ரகம் இல்லை. சதுரத்தை எண்ணியிருந்தால் படிக்கட்டுக்கு 24 என்று எழுதியிருப்பான்.

உன் அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். வீடு கட்டியபோது மணல் லாரி வந்தால் டேப்போடு மேலே ஏறிவிடுவாரே, நினைவிருக்கிறதா? பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மணல் இரண்டடி உயரம் இருந்தால் 100 கன அடி, ஒரு யூனிட். அதற்குக் குறைந்தால் டிரைவரோடு பஞ்சாயத்துதான்.

சரி, அடுத்த வாரத்துக்கு ஒரு கணக்கு. 4×4×2 அடுக்கிவிட்டு, ஒரு மூலையில் 2×2×2 அளவுக்குக் கட்டைகளை எடுத்துவிடு. 'எல்' வடிவம் வரும். 32-இல் 8 கழிக்கிறானா, இரண்டு பெட்டியாகப் பிரித்து 16-ஐயும் 8-ஐயும் கூட்டுகிறானா என்று பார். எந்த வழியில் வந்தாலும் 24. அப்புறம் அதே 24 கட்டைகளையும் மிச்சமில்லாமல் வைத்து, எத்தனை விதமான பெட்டி கட்டலாம் என்று கேள். ஆறு விதம் வரும். ஐந்தோடு நின்றுவிட்டால் நீ சொல்லிக் கொடுக்காதே, ஆச்சிக்குப் போன் போடச் சொல்.

அன்புடன்,
அம்மா