பெஞ்சமின் பட்டன்: மேக்கப்பைத் தாண்டியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ‘தி க்யூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிழவனாகப் பிறந்து, வருடம் போகப் போக இளைஞனாகிக்கொண்டே வரும் ஒருவனின் கதை. ஆனால் பிராட் பிட்டைக் கிழவனாக்கிய மேக்கப், கிராபிக்ஸ் என்றே முக்கால் பக்கம் போய்விட்டது. சரி, 2009 ஆஸ்காரில் 13 பரிந்துரைகளோடு போன படம் வாங்கியதே கலை இயக்கம், ஒப்பனை, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று 3 விருதுகள்தான். (அந்த வருடம் நம் கண்ணில் ரஹ்மானைத் தவிர வேறு யாரும் படவில்லை. சிறந்த இசைக்கான விருதில் அவரிடம் தோற்றவர்களில் இந்தப் படத்தின் இசையமைப்பாளரும் ஒருவர்.) ஆனாலும் இந்தப் படத்துக்கு அழுதவர்கள் யாரும் மேக்கப்புக்காக அழவில்லை.

என்னைக் கேட்டால் படமே கடைசி அரை மணி நேரம்தான். பெஞ்சமின் உடம்பளவில் சின்னப் பையனாகிவிட்டான், மூளைக்கு மட்டும் முதுமை மறதி வந்துவிட்டது. தான் வளர்ந்த அதே நியூ ஆர்லியன்ஸ் முதியோர் இல்லத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறான், ஆயுள் முழுக்க நேசித்த டெய்சி வந்து நிற்கிறாள், யாரென்றே தெரியவில்லை. அப்புறம் இன்னொரு நாள், காலைச் சாப்பாட்டை அப்போதுதான் முடித்தவன், சாப்பாடு எங்கே என்று சத்தம் போடுகிறான். எங்கள் மாமியார் கடைசிக் காலத்தில், அவர் சாப்பிட்ட தட்டை நான் கழுவி வைப்பதற்குள் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று “மருமக சோறே போடல” என்பார். அந்தக் காட்சியில் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அடுத்த நிமிஷம் தாங்க முடியவில்லை. மறதி வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு அது மாயாஜாலக் கதையே இல்லை.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922-ல் எழுதிய மூலக்கதை வேறு மாதிரி. அது பால்டிமோரில் நடக்கிற நக்கல் கதை, அதில் மனைவிக்கு வயதாக ஆக அவள்மேல் கணவனுக்குச் சலிப்புத் தட்டிவிடும். திரைக்கதை எழுதிய எரிக் ராத்தும் இயக்குநர் டேவிட் ஃபிஞ்சரும் அதைத் தலைகீழாக்கி, காதலை நடுவில் வைத்தார்கள். படத்தில் பெஞ்சமின் வீட்டை விட்டுப் போவதே, மகளையும் தன்னையும் சேர்த்து இரண்டு பிள்ளைகளை டெய்சி வளர்க்க வேண்டிவருமே என்றுதான். இதைத் தியாகம் என்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. ஒரு வயதுப் பிள்ளையோடு அவளை விட்டுவிட்டுப் போனானே, கடைசியில் அவனைக் கைக்குழந்தையாக மடியில் வைத்துக்கொண்டது யார்? அவள்தானே. இருந்தே தொலைத்திருக்கலாம். அவன் இல்லாத அத்தனை வருடங்களை அவள் எப்படி ஓட்டினாள் என்பதைப் படம் அவசர அவசரமாகக் கடந்துபோவதும் பெரிய குறைதான், கேட் பிளான்செட் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு!

இன்னொன்று. 1918-ல் பெற்ற அப்பனே அருவருத்து வாசற்படியில் போட்டுவிட்டுப் போன சுருக்கம் விழுந்த குழந்தையை, யார் எவர் என்று கேட்காமல் தூக்கிக்கொண்டவள் அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் குவீனி என்ற கருப்பினப் பெண். அவள் அன்றைக்குத் தூக்காவிட்டால் இந்தக் காதல் கதையே கிடையாது. அந்த வேடத்தில் நடித்த தராஜி பி. ஹென்சனும் சிறந்த துணை நடிகைக்கான போட்டியில் இருந்தார். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அடுத்த முறை இரண்டு வரியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்