எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கவர் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அதில் நீ ஒட்டியிருந்த ஸ்டாம்ப் வரிசையைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஏதோ நோட்டீஸ் என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். பிரித்தால் உன் கோழிக்கிறுக்கல். பத்தாம் வகுப்பில் இருந்த அதே கிறுக்கல், ஒரு சுழிகூடத் திருந்தவில்லை.

அம்மாவைக் கேட்டிருந்தாய். வலது கண்ணில் புரை எடுத்தாச்சு. நல்லா இருக்கிறாள். ஒரே தொல்லை, இப்போது எல்லாம் தெரிகிறது. கட்டைப் பிரித்த மறுநாள் அடுப்படிக்குள் போய், "இந்தச் செவுத்த இத்தன நாளும் இப்படியா வச்சிருந்தீக?" என்று மருமகளைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் பிளஸ் டூ. வீட்டில் டிவிக்கு விடுமுறை.

இனி உன் விஷயம். கணபதி ஏரியாவில் நீ பிடித்திருக்கிற ரூமின் போட்டோ மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பத்துக்குப் பத்து, ஒரு ஜன்னல், வெறும் வெள்ளைச் சுவர். தண்ணீர் மோட்டார் சர்வீஸ் ஏஜென்சிக்கு அது தாராளம். அதற்கு இன்டீரியர்காரர் 1,80,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன், பூஜ்யம் ஒன்று கூடிப்போச்சோ என்று. ஜிப்சம் சீலிங், சுவருக்குப் பட்டை பட்டையாக மரம், நடுவில் கண்ணாடித் தடுப்பு. பத்தடி ரூமில் தடுப்புப் போட்டால் அந்தப் பக்கம் நீ இருப்பாய், வருகிறவன் படிக்கட்டில் நிற்பான். கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே.

நான் மில் வேலையை விட்டுவிட்டு ஜிஎஸ்டி, வருமானவரி என்று தனியாக உட்கார்ந்த கதையை உனக்குப் போனில் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். எட்டயபுரம் ரோட்டில் மாடி ரூம், பத்துக்குப் பதினொன்று. வாடகை 3,500. கீழே கடலைமிட்டாய் போடுகிறார்கள். பதினோரு மணிக்கு வெல்லப்பாகு வாசம் படியேறி வரும், ஊதுபத்திச் செலவு மிச்சம். ரூமைச் சரிசெய்ய என் கையில் இருந்தது 15,000. அதில் முதல் 4,000-ஐ எப்படிக் கரியாக்கினேன் என்று கேள்.

ஓடுகிற ஏழு வெள்ளைக் குதிரைப் படம் ஒன்று. வெற்றியைப் பற்றி இங்கிலீஷில் வாசகம் எழுதின பலகை ஒன்று. தொட்டால் மொடமொடக்கும் பிளாஸ்டிக் பூந்தொட்டி இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, செங்கல் சுவர் மாதிரித் தெரியுமாம், அந்த ஸ்டிக்கர் பேப்பர் ஒரு சுருள். அதை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த ரூம்காரரின் கக்கூஸ். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. செங்கல் முதலில் அப்பளம் மாதிரி உப்பியது. ஒருநாள் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது சுவரே பெயர்ந்த மாதிரி முழுச் சுருளும் அவர் தலையில் இறங்கியது. மனுஷன் பேனாவோடு பேப்பருக்குள் நின்றார். "தம்பி, வரி கட்டுறதுக்கு முன்னாடியே இப்படியா?" என்றார். பின்னால் சுவர் கறுப்புப் பூத்துக் கிடந்தது.

அதனால் உனக்கு முதல் வேலை, உன் ரூமில் ஓதம் இருக்கிறதா என்று பார்ப்பது. உன் மூன்றாவது போட்டோவில் ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு முழம் பாலிதீன் பேப்பரை அங்கே வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடு. பேப்பரின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதன் மேல் நீ தங்கத்தையே பூசினாலும் நிற்காது. வீட்டுக்காரரிடம் சொல்லிக் குழாயைச் சரிசெய், மூன்று வாரமாவது காயவிடு, பொரிந்ததைச் சுரண்டு, அப்புறம் பிரைமர். எனக்கு வீட்டுக்காரர் முதலில் மசியவில்லை. வாடகையில் கழிப்பேன் என்றதும் பிளம்பர் மறுநாளே வந்தார்.

நான் உருப்பட்டது ஒரு கரண்ட் கட்டில். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் வேண்டுமென்று மேஜைக்கு இந்தப் பக்கம், வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்தால், மாப்ள, வெட்கமாகப் போய்விட்டது. என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்விட்ச் பாக்ஸ். அதிலிருந்து பந்தலில் புடலங்காய் தொங்குகிற மாதிரி வயர். ஒன்றன் மேல் ஒன்றாக நாலு காலண்டர், மூன்று முடிந்துபோன வருஷம். பச்சை, ரோஸ், நீலம் என்று சாய்ந்து கிடக்கிற ஃபைல்கள், அதன் உச்சியில் என் சாப்பாட்டுத் தூக்கு. தன் கணக்கு வழக்கையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறவன் அரைமணி நேரம் பார்க்கிறது இதைத்தான். காசு போட்டு வாங்கின குதிரை எங்கே ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? அவன் முதுகுக்குப் பின்னால். நான் பார்க்க நானே வாங்கி மாட்டியிருந்தேன்.

அன்றைக்கே குதிரையைக் கழற்றிக் கீழ்க்கடைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். மிச்சப் பணத்தில் முதல் கவனிப்பு எதிர் நாற்காலியிலிருந்து தெரிகிற அந்த ஒரு சுவருக்குத்தான்.

வயருக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரோரமாக பிளாஸ்டிக் கேசிங் அடித்தேன், கூலியோடு 850. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேஜையின் அடிப்பலகையில் திருகாணி போட்டு முடுக்கியாச்சு, தரையில் ஒரு வயர் கிடையாது. ஃபைலுக்கு என்ன செய்தேன் என்று நீயே சொல்லிவிடுவாய். பிரவுன் ஷீட்! ஜூன் மாசம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் நோட்டுக்கும் சேர்த்து நீதானே அட்டை போடுவாய். அதே மடிப்பு, அதே வெள்ளை லேபிள். சின்னவளும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அறுபத்திரண்டு ஃபைலுக்குப் போட்டோம். செலவு 150 ரூபாய். ரூமில் நடந்த மாற்றத்தில் பாதி இந்த 150-தான் என்பேன். எல்லாம் ஒரே நிறமாகிவிட்டதால் கண்ணுக்கு அடைசலே தெரியவில்லை.

பெயிண்டுக்கு நீயே கணக்குப் போடு, கடைக்காரன் சொல்வதை வாங்காதே. என் ரூமின் நாலு சுவரும் சேர்ந்து 42 அடி நீளம், ஒன்பதரை அடி உயரம், கதவு ஜன்னல் போக 365 சதுர அடி. சாதாரண எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 100 சதுர அடி ஓடும். இரண்டு நிறமும் சேர்த்து நாலு லிட்டர் போதும். கடையில் பத்து லிட்டர் தள்ளப் பார்த்தார்கள். டிஸ்டெம்பர் மலிவுதான், ஆனால் ஈரத்துணி பட்டால் கையோடு வரும், வேண்டாம். மூன்று சுவர் மோர் நிறம், பின்சுவர் மட்டும் செம்மண்ணும் மஞ்சளும் கலந்த மங்கல் நிறம். பட்டி, பிரைமர், இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து 3,900 ஆச்சு.

லைட்டில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறோம். என் ரூமில் டியூப் லைட் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குனிந்தால் என் தலை நிழல்தான் கணக்கு நோட்டில் விழும். அதுதான் வருஷம் முழுக்கத் தலைவலிக்குக் காரணம் என்று பிறகுதான் உறைத்தது. 20 வாட் எல்இடி பேட்டன், அதாவது டியூப் மாதிரி நீள லைட், ஒன்று சுமார் 2,000 லூமன் வெளிச்சம் கொடுக்கும். படிக்க எழுத மேஜை மேல் 300 லக்ஸாவது, அதாவது சதுர மீட்டருக்கு 300 லூமனாவது, வேண்டும் என்பது கணக்கு. உன் ரூம் ஒன்பதரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பேட்டனை வைத்து ஒப்பேற்ற முடியாது. இடதுபக்கம் ஒன்று, எதிர்ச்சுவரில் ஒன்று என்று இரண்டு போடு. வாங்கும்போது 6,500 கெல்வின் என்று எழுதியிருந்தால் நீலம் பாய்ந்த வெள்ளை, வருகிறவன் முகம் செத்துப்போய்த் தெரியும். 4,000 என்று கேட்டு வாங்கு, ஒரு கடையில் இல்லாவிட்டால் இன்னொரு கடை.

மேஜை, மூடிப்போன ஒரு தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் ஏலத்துக்குப் போட்டது. பெட்டி விலை 2007-லிருந்து ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் எத்தனை சின்ன ஆபீஸ் இழுத்து மூடினார்கள் என்று உனக்கே தெரியும். பழைய தேக்கு, ஒரு கால் மட்டும் ஆட்டம். 2,200 சொன்னார்கள், பேரம் பேச மனசு வரவில்லை. வீட்டில் கொண்டுவந்து இழுப்பறையைத் தட்டிப் பார்த்தால் அடியில் ஒரு கட்டு லேபிள். மரச்சில்லுப் பெட்டி இருந்த காலத்தில் தனியாக அச்சடித்து ஒட்டுவார்களே, அது. இப்போதெல்லாம் அட்டையிலேயே படம் வந்துவிடுகிறது. சாவி, கப்பல், மான், கிளி. சிவப்பும் மஞ்சளும் நேற்று அடித்த மாதிரி. வரிசைக்கு ஆறாக நாலு வரிசை, இருபத்துநாலு லேபிளைக் கறுப்பு அட்டையில் நானே ஒட்டி, பிரேம் கடையில் 450 ரூபாய்க்குக் கண்ணாடி போட்டு, பின்சுவரின் நடுவில் மாட்டினேன். அவ்வளவுதான், அந்தச் சுவரில் வேறு எதுவும் இல்லை.

வருகிறவர்களில் பாதிப்பேர் வரியை மறந்துவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் எந்த வீட்டில்தான் ஒரு கை தீக்குச்சிக் கட்டை அடுக்கவில்லை, தீப்பெட்டி ஒட்டவில்லை? போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டுத் திரும்பும்போது அம்மாவை ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். ஒரு வருஷமாக மாட்டியிருக்கிறது, நாலு தடவை வந்திருக்கிறாள், ஒன்றும் சொன்னதில்லை. இந்தத் தடவை நேரே போய் மூக்கு படுகிற தூரத்தில் நின்றாள். விரலால் கண்ணாடி மேலேயே வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போய், மூன்றாம் வரிசையில் நிறுத்தினாள். "இந்தக் கிளி கோணையா இருக்கு. யாரு ஒட்டுனது?" என்றாள். நான்தான் என்றேன். "எங்க கணக்குப்பிள்ளை பாத்தா ஒரு குரோஸையும் திருப்பி விட்டிருப்பாரு." அப்புறம் ஜன்னலோர பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு குரோஸ் 144 பெட்டி, அதை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சாமி படம் எங்கே என்று உன் வீட்டிலும் கேட்பார்கள். என்னிடம் ஆச்சி வீட்டுப் பழைய காலண்டர் படம் ஒன்று இருந்தது, கொண்டைய ராஜுவின் மீனாட்சி கல்யாணம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட மனுஷன், 1976-ல் காலமானார். நம் பூஜை அறையில் இருக்கிற சாமிகளில் பாதிக்கு அவரும் அவர் சிஷ்யர்களும்தான் முகம் வரைந்தவர்கள். படத்தின் கீழ் ஓரம் கரையான் தின்றது. அது மறையும்படி மவுண்ட் அட்டையை அகலமாக வைத்துக் கொடுத்தான் பிரேம் கடைக்காரன். வாசல் பக்கச் சுவரில், உள்ளே வருகிறவன் முதலில் பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

மற்றதெல்லாம் சில்லறை. மேற்கு ஜன்னலுக்குக் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டிக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பவானி ஜமுக்காளம் வாங்கித் தரையில் விரித்தேன், நாற்காலிச் சக்கரம் மாட்டி இழுத்தது, மடித்து பெஞ்சில் போட்டுவிட்டேன். மணி பிளான்ட்டைக் கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தேன். நகராட்சியிலிருந்து கொசு பார்க்க வந்த அம்மா பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார், உள்ளே நெளிந்துகொண்டிருந்தது. இப்போது மண் தொட்டியில் பாம்புக் கற்றாழை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஊற்றினால் அழுகிவிடும்.

எல்லாம் போக ஆயிரம் ரூபாய் மிஞ்சியது.

உனக்கு நான் கேட்கிறது, படம் எதுவும் வாங்காதே. உன் பட்டறையில் தேய்ந்துபோய்க் கழற்றிப் போட்ட பித்தளை இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளுகிற அந்தச் சக்கரம், கிடக்குமே, அதில் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, பின்சுவரில் சின்னப் பலகை அடித்து நிறுத்து. தேயாத புதுசு ஒன்றைப் பக்கத்தில் வை. மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்று வருகிறவனுக்கு நீ வாயைத் திறந்து விளக்கவே வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நீ அனுப்பிய மூன்றுமே உன் நாற்காலியிலிருந்து எடுத்தது. கொட்டேஷன்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா இல்லையா என்று ஒரு வரி எழுது, அதை மட்டும் கடிதத்தில் சொல்லாமல் விட்டிருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ்ஸில் கடலைமிட்டாய் இரண்டு கிலோ போட்டு விடுகிறேன். பார்சல் ஆபீஸ் ஏழு மணிக்குத் திறக்கும், வெயில் ஏறுவதற்குள் வாங்கிவிடு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
பின்பெஞ்சுக்காரன்