முழு பயாஸ் கோப்பைத் தாருங்கள்: மடிக்கணினி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் மடிக்கணினி விற்கும் நிறுவனங்களின் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 14 ஆண்டுகளாக மதர்போர்டு பழுது பார்த்து வருகிறேன். பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடிக் கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸைப் பற்றியும், அது இருக்கும் சிப்பைப் பற்றியும் தங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு கணினிதான் இந்த மடலை எழுத வைத்தது.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியின் கணினி அது. விண்டோஸ் அப்டேட்டோடு பயாஸ் அப்டேட்டும் தானாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தபோது மழையில் மின்சாரம் போயிருக்கிறது. பழைய பேட்டரி தாங்கவில்லை. அன்றிலிருந்து பவர் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வருவதில்லை. சேவை மையத்தில் மதர்போர்டையே மாற்ற வேண்டும், 19,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை செய்யும் அவளுடைய தந்தை, நான்காக மடித்திருந்த அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "வேற வழியே இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

வழி இருந்தது. போர்டில் எல்லா மின்னழுத்தங்களும் சரியாக வந்தன. கெட்டிருந்தது, சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத, எட்டுக் கால் கொண்ட 25க்யூ128 சிப்புக்குள் இருந்த 16 எம்பி தகவல் மட்டுமே. கிளிப்பைக் கால்களில் பொருத்தி, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியில் இருமுறை படித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கிளிப் இம்மி நழுவினாலும் படித்தது பிழையாகிவிடும். பயாஸ் பகுதியில் பாதிக்கு மேல், அழிக்கப்பட்ட வெற்றிடத்தைக் காட்டும் எப்எப் (FF), எப்எப் என்றே நிறைந்திருந்தது. பழையதை அழித்துப் புதியதை எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்தச் சிப்பில் மறுபடி எழுதச் சில நிமிடங்கள் போதும். ஆனால் எதை எழுதுவது என்று தேடியே மூன்று நாள் கழிந்தது. தங்கள் தளத்தில் இருப்பது விண்டோஸுக்குள் ஓடும் எக்ஸ்இ கோப்பு. திரையே வராத கணினியில் அதை எங்கே ஓட்டுவது? பிரித்துப் பார்த்தால் சிப்பின் முழு உள்ளடக்கமும் அதில் இல்லை. ஆகவே, யாரோ ஒருவருடைய கணினியிலிருந்து வேறொரு மெக்கானிக் எடுத்து வைத்த கோப்பை வாங்க வேண்டியதாயிற்று. அதில் அந்த முகம் தெரியாத மனிதரின் சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிமச் சாவியும் அப்படியே இருந்தன. எழுதியதும் திரை வந்தது. அரை மணி நேரத்தில் அணைந்தது. அதே சிப்பில் இருக்கும், இன்டெலின் துணைக் கட்டுப்பாட்டு மென்பொருளான மேனேஜ்மென்ட் என்ஜின் பகுதி சீர்கெட்டிருந்தால் இன்டெல் போர்டுகள் இப்படித்தான் 30 நிமிடத்தில் அணையும். மூன்றாம் நாள் புதுச்சேரி நண்பர் ஒருவரிடம் சுத்தமான கோப்பு கிடைத்தது. மாணவியின் கணினிக்கே உரிய எண்களை, அவள் சிப்பிலிருந்து முதலில் படித்து வைத்த பதிவிலிருந்து எடுத்து அதில் சேர்த்து எழுதிய பிறகே அது நிலைத்தது. நான் வாங்கிய கூலி 1,500 ரூபாய்.

நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு போர்டு எண்ணுக்கும், சிப்பில் நேரடியாக எழுதத்தக்க முழுக் கோப்பைத் தங்கள் தளத்தில் வெளியிடுங்கள்.

பாதுகாப்பு கெட்டுவிடும் என்று தாங்கள் சொல்லக்கூடும். பூட் கார்டு (Boot Guard) என்னும் இன்டெல் பாதுகாப்பு இயக்கப்பட்ட போர்டுகளில், தங்கள் கையொப்பம் சரிபார்க்கப்படாமல் பயாஸ் ஓடாதபடி தாங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். தாங்கள் கையொப்பமிட்ட அசல் கோப்பைத் தருவதால் அந்தப் பூட்டு எப்படித் திறந்துவிடும்? மேசைக்கணினி மதர்போர்டுகள் பலவற்றில் பென்டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் செத்த பயாஸ் தானாக மீள்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் கடன்பட்டு வாங்கும் மடிக்கணினிக்கு மட்டும் அந்த வசதி ஏன் பொதுவாகக் கிடைப்பதில்லை?

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஒரு சிப்பில் கெட்டுப்போன தகவலுக்காக நல்ல போர்டுகள் குப்பைக்குப் போகின்றன. தானே புயல், ஃபெஞ்சல் புயல் என்று எங்கள் கரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் மின்சாரம் இழப்பது. இங்கே கணினி விற்கும் தங்களுக்கு அது தெரியாததல்ல. பேட்டரி தாங்காத கணினிக்கு பயாஸ் அப்டேட்டை உரியவரைக் கேட்காமலே அனுப்புகிறீர்கள். நடுவில் நின்றுபோனால் செலவை அவர் தலையில் கட்டுகிறீர்கள். இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். எல்லா மாடல்களுக்கும் உடனே முடியாவிட்டால், உத்தரவாதக் காலம் முடிந்த மாடல்களிலிருந்தாவது தொடங்குங்கள். முழு பயாஸ் கோப்பையும், சீரியல் எண்ணை முறையாகப் பதியும் வழியையும் வெளியிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் அலமாரியில் இன்னும் இரண்டு போர்டுகள் கோப்புக்காகக் காத்திருக்கின்றன. இரண்டின் எண்களையும் தாங்கள் கேட்டால் அன்றே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மதர்போர்டு பழுது பார்ப்பவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.